காட்மியம் இரத்த நாளச் செல்களை என்ன செய்கிறது: ஆய்வகத்தில் சோதிக்கும் முறை

மூச்சு வழியாக வந்தாலும் உணவு வழியாக வந்தாலும், ஒரு நச்சு இரத்தத்தில் கலந்துவிட்டால் அது போகும் இடமெல்லாம் தொட்டுக்கொண்டே செல்லும் பரப்பு ஒன்று உண்டு. இரத்த நாளங்களின் உட்சுவரில் ஒற்றை அடுக்காகப் படிந்திருக்கும் எண்டோதீலியச் செல்களே அந்தப் பரப்பு. தொழிற்சாலை நச்சுகளைப் பற்றி எழுதுபவர்கள் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் நுரையீரலையும் விரிவாகப் பேசுகிறார்கள். இரத்தம் வழியாக அந்த உறுப்புகளுக்குள் நச்சு நுழைவதற்கு முன் கடந்தாக வேண்டிய இந்த அடுக்குக்கு அந்த அளவு இடம் கிடைப்பதில்லை. செல் வளர்ப்பின் அடிப்படைகளைக் கற்று முடித்து, ஒரு தொழிற்சாலை வேதிப்பொருள் இந்தச் செல்களைப் பாதிக்கிறதா என்று முதன்முறையாகச் சோதிக்கப் போகும் முதுகலை மாணவர்களையும் ஆய்வு மாணவர்களையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாகக் காட்மியத்தை எடுத்துக்கொள்கிறேன். துத்தநாகம் உருக்கும் ஆலைகள், நிக்கல்-காட்மியம் பேட்டரித் தொழில், மின்முலாம் பூசும் பட்டறைகள், நிறமித் தயாரிப்பு ஆகியவற்றில் வேலை செய்பவர்களின் உடலில் இது சேர்கிறது. புகையிலைப் புகையிலும் இருக்கிறது. ஜப்பானின் டோயாமா மாகாணத்தில் ஜின்சு ஆற்றுப் படுகையில், சுரங்கக் கழிவால் பரவிய காட்மியமே இத்தாய்-இத்தாய் நோய்க்குக் காரணம் என்று அந்நாட்டு அரசு 1968இல் ஏற்றுக்கொண்டது. அங்கே பேசப்பட்டவை எலும்பும் சிறுநீரகமும். ஆனால் காட்மிய உப்பை ஊசியில் ஏற்றினால் எலி, சுண்டெலிகளின் விந்தகத் திசு சிதைகிறது என்பது 1950களிலேயே தெரிந்திருந்தது. அந்தச் சிதைவு அங்குள்ள நுண்ணிய இரத்த நாளங்களில் தொடங்குகிறது என்பது பின்னர் தெளிவானது. சில சுண்டெலி இனங்களுக்கு மட்டும் ஏன் எதுவும் ஆவதில்லை என்று தேடியவர்கள், 2005 வாக்கில், ஜிப்8 என்னும் கடத்திப் புரதத்தில் விடையைக் கண்டார்கள். பாதிப்புக்குள்ளாகும் இனங்களில் விந்தகத்தின் எண்டோதீலியச் செல்களில் இந்தப் புரதம் இருக்கிறது, அது காட்மியத்தை உள்ளே இழுக்கிறது. இந்தச் செல்லைக் காட்மியத்தின் நேரடி இலக்காகக் கருதுவதற்கு இதைவிடத் தெளிவான தடயம் வேண்டியதில்லை.

அளவை முதலில் முடிவு செய்யுங்கள்

செல் வளர்க்கும் பிளேட்டைத் தொடுவதற்கு முன் காகிதத்தில் முடிக்க வேண்டிய வேலை இது. இந்தத் துறையில் வெளியாகும் முடிவுகளில் கணிசமானவை பயனற்றுப் போவது இந்த ஒரு படியில்தான் என்பது என் உறுதியான கருத்து.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிகளின்படி, ஒரு தொழிலாளியின் இரத்தத்தில் லிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் காட்மியம் இருந்தால் கண்காணிப்பைக் கூட்ட வேண்டும். காட்மியத்தின் அணு எடை 112.4. ஆகவே லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்பது ஏறத்தாழ 44 நானோமோலார். புகைபிடிக்காத, தொழில்வழித் தொடர்பும் இல்லாத ஒருவரின் இரத்தத்தில் பெரும்பாலும் லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கும் குறைவாகவே, அதாவது 9 நானோமோலாருக்கும் கீழாகவே இருக்கும். இப்போது பல ஆய்வுக் கட்டுரைகளில் செல்களின் மேல் ஊற்றப்படும் அளவைப் பாருங்கள்: 10, 20, 50 மைக்ரோமோலார். ஐம்பது மைக்ரோமோலார் என்பது எச்சரிக்கை எல்லையில் இருக்கும் தொழிலாளியின் இரத்த அளவைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். அந்த அளவில் செல்கள் செத்துப்போவதைக் காட்டுவது, ஆலையில் வேலை செய்பவரின் நாளங்களில் நடப்பதைப் பற்றி அனேகமாக எதையும் சொல்லாது.

இந்த ஒப்பீட்டிலும் இரண்டு திருத்தங்கள் தேவை, இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. இரத்தத்திலுள்ள காட்மியத்தின் பெரும்பகுதி சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. பிளாஸ்மாவில் எஞ்சியிருப்பதும் ஆல்புமின் போன்ற புரதங்களோடு ஒட்டியிருக்கிறது. ஆகவே செல் உண்மையில் சந்திக்கும் தனி அயனியின் செறிவு 44 நானோமோலாரைவிட மிகக் குறைவு. மறுபுறம், காட்மியம் உடலை விட்டு எளிதில் வெளியேறுவதில்லை. சிறுநீரகத்தில் அதன் அரை ஆயுள் பத்து முதல் முப்பது ஆண்டுகள் என்று கணிக்கப்படுகிறது, புகைபிடிப்போரின் பெருந்தமனிச் சுவரில் அது சேர்வதும் அளக்கப்பட்டிருக்கிறது. பல ஆண்டுகள் சேர்ந்த திசுவை ஒரு வாரச் சோதனையில் போலச் செய்ய வேண்டுமானால், இரத்த அளவைவிடச் சற்று உயர்ந்த செறிவுகளையும் சேர்ப்பதற்கு நியாயம் உண்டு.

ஆகவே 10, 50, 100, 500 நானோமோலார், பிறகு 1, 5, 10, 50 மைக்ரோமோலார் என்று அகன்ற வரிசை ஒன்றை வகுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்றும் இரத்தத்தோடு ஒப்பிடத் தக்கவை. நடுவிலுள்ளவை திசுவில் சேர்வதை நோக்கியவை. கடைசி இரண்டும் செல் சாகும் எல்லையைக் கண்டுபிடிப்பதற்கு மட்டுமே. எந்தச் செறிவு எதற்காக என்பதைக் குறிப்பேட்டில் அப்போதே எழுதிவிடுங்கள், ஏனென்றால் முடிவு கைக்கு வந்த பிறகு, பெரிய விளைவைக் காட்டிய செறிவையே முக்கியமானதாகக் கருதும் சபலம் யாருக்கும் வரும். நானோமோலார் அளவில் வேலை செய்யும்போது சீரத்திலும் செல் வளரும் ஊடகத்திலும் ஏற்கெனவே எவ்வளவு காட்மியம் இருக்கிறது என்பதும் தெரிந்தாக வேண்டும்; கிராஃபைட் உலை அணு உறிஞ்சல் கருவியோ பிளாஸ்மா நிறமாலைக் கருவியோ (இந்தப் பிளாஸ்மா மின்னேறிய வாயு, இரத்தப் பிளாஸ்மா அல்ல) உள்ள ஆய்வகத்தில் ஒவ்வொரு தொகுதி ஊடகத்தையும் அளக்கச் செய்யுங்கள்.

எந்தச் செல்

மனிதத் தொப்புள்கொடிச் சிரையிலிருந்து எடுக்கப்படும் எண்டோதீலியச் செல்களே, ஆய்வகப் பேச்சில் ஹூவெக் எனப்படுபவையே, தொடக்கத்துக்கு ஏற்றவை. 1973இல் நியூயார்க்கில் எரிக் ஜாஃபியும் உடன் பணியாற்றியவர்களும் கொலாஜினேஸ் நொதியைச் சிரைக்குள் செலுத்தி இவற்றைப் பிரித்து வளர்த்த முறை, சிறு மாற்றங்களோடு இன்றும் அப்படியே பின்பற்றப்படுகிறது. நிறுவனங்களிடமிருந்து உறைநிலையில் வாங்கலாம். பிரசவ வார்டோடு ஏற்பாடு இருந்தால் நீங்களே பிரிக்கலாம். நீங்களே பிரிப்பதானால் நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதியும் தாயின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் முதலில் கைக்கு வர வேண்டும். எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பரிசோதனை முடிவுகள் தெரிந்த கொடிகளை மட்டும் பெறுங்கள், அப்போதும் இரண்டாம் நிலை உயிர்ப் பாதுகாப்புக்குரிய பொருளாகவே கையாளுங்கள். கொடியைக் குளிர்ந்த தாங்கல் கரைசலில் வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள், கிளாம்ப் பதிந்து நசுங்கிய பகுதிகளை வெட்டி நீக்குங்கள்.

ஜெலட்டின் பூசிய பிளாஸ்க்கில், எண்டோதீலியத்துக்கென்று விற்கப்படும் 2 விழுக்காடு சீரம் கொண்ட ஊடகத்தில், 37 டிகிரி செல்சியஸிலும் 5 விழுக்காடு கார்பன் டைஆக்சைடிலும் வளருங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஊடகத்தை மாற்றினால் போதும். நன்றாக வளர்ந்த ஹூவெக் அடுக்கு, கல் பாவிய தெருவைப் போல, இடைவெளியின்றி ஒன்றோடொன்று ஒட்டிய பல்கோணச் செல்களாகத் தெரியும். செல்கள் அகன்று பரந்து, விளிம்பு மங்கி, இரட்டை உட்கருக்கள் தென்படத் தொடங்கினால் அந்தத் தொகுதி முதுமை அடைந்துவிட்டது. செல்களைப் புதிய கலனுக்கு மாற்றி வளர்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பெயர்ப்பு; இரண்டாம் பெயர்ப்பிலிருந்து ஐந்தாம் பெயர்ப்பு வரைக்குள் சோதனைகளை முடியுங்கள். எண்டோதீலியத்தின் அடையாளப் புரதங்களான வான் வில்லிபிராண்ட் காரணிக்கோ சிடி31க்கோ சாயமிட்டு, வளர்ந்திருப்பவை எண்டோதீலியச் செல்கள்தான், ஃபைப்ரோபிளாஸ்ட் கலக்கவில்லை என்பதை ஒவ்வொரு கொடைக்கும், அதாவது ஒவ்வொரு கொடியிலிருந்து வந்த செல்களுக்கும், ஒருமுறை உறுதி செய்யுங்கள்.

அழியாமல் பெருகும் இஏ.எச்ஒய்926 போன்ற செல் வழிகள் மலிவானவை, கையாள எளியவை. ஆனால் அவை நுரையீரல் புற்றுநோய்ச் செல்லோடு இணைத்து உருவாக்கப்பட்டவை. நச்சு ஆய்வில் அவற்றை முன்னோட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது.

கரைசலும் கழிவும்

காட்மியம் குளோரைடு மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திய சேர்மங்களில் ஒன்று. அதன் தூளை மூச்சில் இழுப்பதே பெரிய அபாயம். எடை போடுவது வாயு உறிஞ்சு கூண்டுக்குள், நைட்ரைல் கையுறையோடு நடக்க வேண்டும். செல் வளர்ப்பு அறையின் திறந்த மேசையில் ஒருபோதும் நடக்கக் கூடாது. முடிந்தால் கரைசலாகவே விற்கப்படுவதை வாங்கிவிடுங்கள், இந்தச் சிக்கலே எழாது.

தூளைத்தான் வாங்கினீர்கள் என்றால் புட்டியின் மேலுள்ள மூலக்கூறு எடையைப் படியுங்கள். நீரற்ற உப்பு 183.3, இரண்டரை நீர் மூலக்கூறு கொண்டது 228.35. இரண்டையும் குழப்பினால் உங்கள் செறிவுகள் அனைத்தும் நான்கில் ஒரு பங்கு பிறழும். நீரற்ற உப்பில் 183.3 மில்லிகிராமை 100 மில்லிலிட்டர் தூய நீரில் கரைத்தால் 10 மில்லிமோலார் இருப்புக் கரைசல் கிடைக்கும். பாஸ்பேட் உப்புக் கரைசலில் கரைக்காதீர்கள். உலோகப் பாஸ்பேட்டாகப் படியும். காட்மியத்தைவிட ஈயத்தில் இது மிக மோசம்: செறிந்த ஈயக் கரைசலை ஊடகத்தில் விட்டால் சில நிமிடங்களில் மங்கலாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம், பிறகு செல்லுக்குப் போய்ச் சேர்ந்த அளவு என்ன என்று சொல்ல வழியில்லை.

நேரடியாக 10 நானோமோலார் தயாரிக்க முயலாமல், இடைக் கரைசல் ஒன்றைத் தூய நீரில் 10 மைக்ரோமோலாராகச் செய்து, அதிலிருந்து 10 மைக்ரோலிட்டரை 10 மில்லிலிட்டர் ஊடகத்தில் சேருங்கள். எல்லாச் செறிவுகளுக்கும், ஒப்பீட்டுக்கு வைக்கும் கன்ட்ரோலுக்கும், சேரும் நீரின் அளவு ஒன்றாகவே இருக்கட்டும். எண்டோடாக்சின் சோதனையையும் தவிர்க்காதீர்கள். பாக்டீரியா எச்சம் நானோகிராம் அளவில் கலந்திருந்தாலே ஹூவெக் செல்கள் அழற்சிப் புரதங்களை மேற்பரப்பில் காட்டத் தொடங்கிவிடும்; அதைக் காட்மியத்தின் வேலை என்று நீங்கள் எழுதிவிடுவீர்கள்.

பயன்படுத்திய ஊடகம், கழுவிய நீர், பிப்பெட் முனைகள் எல்லாம் தனியே குறியிட்ட கலனில் சேர்ந்து, அபாயக் கழிவாக உரிய முகமையிடம் போக வேண்டும். தொட்டியில் கொட்டினால் அது எங்கே போய்ச் சேரும் என்பதை ஜின்சு ஆற்றங்கரை மக்கள் அறிவார்கள்.

பிளேட்டை அமைத்தல்

96 குழிப் பிளேட்டில் ஒரு குழியின் பரப்பு சுமார் 0.32 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 50,000 என்ற கணக்கில் குழிக்கு 16,000 செல்களை விதைத்தால் ஒன்றிரண்டு நாளில் அடுக்கு மூடிவிடும். முழுமையாக மூடிய பிறகே காட்மியத்தைச் சேருங்கள். உடலின் நாளங்களில் இருப்பது மூடிய, அநேகமாகப் பெருகாத அடுக்கு. கலைந்து பெருகிக்கொண்டிருக்கும் செல்கள் உலோகங்களுக்கு வேறு விதமாக, பொதுவாக அதிக உணர்திறனோடு, பதிலளிக்கும். வெளி வரிசைக் குழிகள் ஆவியாதலால் செறிவு கூடிப்போகக்கூடியவை என்பதால் அவற்றில் தூய நீரை நிரப்பிவிட்டு, உள் குழிகளை மட்டும் பயன்படுத்துங்கள்.

ஊடகத்திலுள்ள சீரத்தின் அளவு காட்மியத்தின் வீரியத்தையே மாற்றிவிடும். ஆல்புமின் அதைக் கட்டிப்போடுவதால், 2 விழுக்காடு சீரத்தில் செல்லைக் கொல்லும் செறிவு 20 விழுக்காட்டில் ஒன்றும் செய்யாமல் போகலாம். ஆகவே சீரத்தின் விழுக்காட்டைச் சோதனை முழுவதும் மாற்றாமல் வைத்திருங்கள், கட்டுரையிலும் செறிவுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

கன்ட்ரோல்கள் மூன்று வகை வேண்டும். எதுவும் சேர்க்காதது ஒன்று. அதே செறிவில் துத்தநாகக் குளோரைடு சேர்த்தது ஒன்று. ஒவ்வொரு அளவீட்டுக்கும் உரிய, நிச்சயமாக விளைவைத் தரும் பொருள் சேர்த்தது ஒன்று. துத்தநாகக் கன்ட்ரோலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இரட்டை மின்னேற்ற உலோகம் எதைச் சேர்த்தாலும் நடப்பதற்கும் காட்மியம் மட்டுமே செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை அது இல்லாமல் பிரித்தறிய முடியாது.

நேரமும் அளவைப் போலவே முக்கியம். 24 மணி நேரச் சோதனை மட்டும் போதாது. மூடிய அடுக்கை, இரண்டு நாளுக்கு ஒருமுறை காட்மியம் கலந்த புதிய ஊடகம் மாற்றி, குறைந்தது ஏழு நாள் வைத்திருந்து பாருங்கள். குறைந்த செறிவுகளில் செல் மெட்டலோதயோனின் என்னும் புரதத்தை உற்பத்தி செய்து காட்மியத்தைக் கட்டிப்போடும். முதல் நாளில் தெரியும் பதில் ஏழாம் நாளில் மறைவதும் உண்டு, முதல் நாளில் இல்லாதது மெல்ல எழுவதும் உண்டு.

செல் உயிரோடு இருக்கிறது, வேலை செய்கிறதா?

முதலில் உயிர்ப்புச் சோதனை. எம்டிடி (உயிருள்ள செல் நிறம் மாற்றும் சாயம்), எல்டிஹெச் (செல் உடைந்தால் வெளியே கசியும் நொதி) சோதனைகள் இரண்டையும் செய்து, எந்தச் செறிவு வரை செல்கள் சாகவில்லை என்பதைக் கண்டுகொள்ளுங்கள். உலோகமே சாயத்தின் நிறத்தை மாற்றுகிறதா என்று அறிய, எம்டிடி சாயத்தைச் செல் இல்லாத குழியிலும் காட்மியத்தோடு சேர்த்துப் பாருங்கள். எல்டிஹெச் ஒரு நொதி என்பதால், வேண்டுமென்றே உடைத்த செல்களின் சாற்றோடு காட்மியத்தைச் சேர்த்து, உலோகம் அந்த நொதியையே தடுக்கிறதா என்றும் பாருங்கள். தடுத்தால், செல்கள் செத்துக்கொண்டிருக்கும்போதும் அளவீடு நலமாகக் காட்டும். இந்த இரண்டும் முடிந்ததும், சாவு தொடங்கும் செறிவுக்குக் கீழே இருப்பவற்றில்தான் உங்கள் உண்மையான ஆய்வு தொடங்குகிறது.

எண்டோதீலியத்தின் மதிப்பு அது செய்யும் வேலைகளில் இருக்கிறது என்பதை 1980இல் ராபர்ட் ஃபர்ச்காட்டும் ஜான் சவாட்ஸ்கியும் முயலின் பெருந்தமனியில் காட்டினார்கள். அசிட்டைல்கோலினுக்குத் தளர வேண்டிய தமனித் துண்டு, அதன் உட்பரப்பைத் தேய்த்து எண்டோதீலியத்தை நீக்கியதும் தளரவில்லை. அந்தத் தளர்வைத் தரும் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்று பின்னர் தெரிந்தது. 1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. செல் ஒன்றுகூடச் சாகாமல் அந்தத் தளர்வு மட்டும் குறைந்தாலும் இரத்த அழுத்தம் ஏறும், நாளச் சுவர் நோய்வாய்ப்படும். உயிர்ப்புச் சோதனையோடு நிறுத்திக்கொள்ளும் ஆய்வுக்கு இது கண்ணில் படவே படாது.

காட்மியத்தைப் பொறுத்தவரை நான் முதலிடம் தருவது தடுப்புச் சுவர்ப் பணிக்கு. எண்டோதீலியச் செல்கள் ஒன்றையொன்று பிடித்திருப்பது விஇ-கேட்ஹெரின் என்னும் புரதத்தால். அந்தப் புரதம் விறைப்பாக நின்று பக்கத்துச் செல்லின் புரதத்தோடு கைகோக்கக் கால்சியம் அயனிகள் தேவை. காட்மியம் அயனியின் ஆரம் கால்சியத்தினுடையதற்கு மிக அருகில் இருப்பதால் அந்த இடத்தில் அது புகுந்துகொள்ள முடியும் என்ற விளக்கம் முன்வைக்கப்பட்டிருக்கிறது. கண்ணால் பார்க்க விரும்பினால், மூடிய அடுக்கில் சில மைக்ரோமோலார் காட்மியம் சேர்த்து, கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கியில் மணிக்கு ஒருமுறை அதே இடத்தைப் படம் எடுங்கள். செல்கள் இன்னும் தட்டில் ஒட்டியிருக்கும், உட்கரு சீராக இருக்கும். ஆனால் மூன்று செல்கள் சந்திக்கும் மூலைகளில் ஒளிரும் சிறு முக்கோணங்கள் தோன்றும். அவை இடைவெளிகள். அதே தட்டை 4 விழுக்காடு பாராஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தி விஇ-கேட்ஹெரினுக்குச் சாயமிட்டால், கன்ட்ரோலில் செல் எல்லை நெடுகத் தொடர்ச்சியாக ஓடும் கோடு, இங்கே துண்டு துண்டாக, பற்கள் போல நீட்டிக்கொண்டு, சில இடங்களில் அறவே இல்லாமல் தெரியும். இதே தட்டில் ஆக்டின் இழைகளுக்கும் சாயமிட்டுவிடுங்கள். விளிம்பு வளையங்கள் மறைந்து செல்லின் குறுக்கே தடித்த இழைகள் கிளம்புவதைப் பார்க்கலாம்.

படத்தை எண்ணாக மாற்ற, குழியை மேல், கீழ் அறைகளாகப் பிரிக்கும், 0.4 மைக்ரோமீட்டர் துளையுள்ள சவ்வு கொண்ட டிரான்ஸ்வெல் செருகியில் அடுக்கை வளர்த்து, மேல் அறையில் ஒளிரும் சாயம் இணைத்த 70 கிலோடால்டன் டெக்ஸ்ட்ரானை இட்டு, ஒரு மணி நேரத்தில் கீழ் அறைக்குக் கசிந்த அளவைப் படியுங்கள். த்ராம்பின், மில்லிலிட்டருக்கு 1 யூனிட், கசிவைக் காட்டும் நேர் கன்ட்ரோல். செல் இல்லாத செருகி மேல் எல்லை. மின்தடையை அளக்கும் எளிய கோல் கருவியை ஹூவெக்கில் நம்பியிருக்காதீர்கள். இந்தச் செல்களின் மின்தடை இயல்பிலேயே மிகக் குறைவு என்பதால் சிறிய மாற்றங்கள் அளவீட்டுப் பிழைக்குள் காணாமல் போகும்.

அடுத்தது நைட்ரிக் ஆக்சைடு. நைட்ரிக் ஆக்சைடு மாறிச் சேரும் நைட்ரைட்டை நிறமாகக் காட்டும் கிரிஸ் வினை எளிது, எல்லா ஆய்வகத்திலும் செய்யலாம்; ஆனால் அது காணக்கூடிய கீழ் எல்லை சுமார் 1 மைக்ரோமோலார். ஹூவெக் சுரப்பது பெரும்பாலும் அந்த எல்லையை ஒட்டியே இருக்கும். டிஏஎஃப்-எஃப்எம் ஒளிர் சாயமோ வேதி ஒளிர்வுக் கருவியோ கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். கால்சியத்தைச் செல்லுக்குள் கடத்தும் அயனோஃபோரால் தூண்டிய குழியும், நைட்ரிக் ஆக்சைடு உருவாவதைத் தடுக்கும் எல்-நேம் சேர்த்த குழியும் பக்கத்தில் இருக்க வேண்டும். தூண்டினாலும் ஏறாத, தடுத்தாலும் இறங்காத எண் நைட்ரிக் ஆக்சைடின் எண் அல்ல.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நைட்ரிக் ஆக்சைடை உருவாக்கும் நொதியைக் கால்சியமும் இயக்குவதால், காட்மியம் செல்லுக்குள் கால்சியத்தை உயர்த்துகிறதா என்று பார்க்கப் பலர் ஃப்யூரா-2 சாயத்தை எடுப்பார்கள். அந்தச் சாயம் காட்மியத்தோடும் மிக வலுவாகப் பிணைந்து ஒளிரும். செல்லுக்குள் நுழைந்த காட்மியத்தைக் கால்சிய உயர்வு என்று படித்துவிட வாய்ப்பு அதிகம். டிபென் போன்ற, கால்சியத்தை விட்டுவிட்டுக் கன உலோகத்தை மட்டும் பிடிக்கும் பொருளைச் சேர்த்ததும் ஒளி இறங்கினால், நீங்கள் பார்த்தது காட்மியம்.

அழற்சிப் பணிக்கு, வெள்ளணுக்கள் ஒட்டிக்கொள்ளும் ஐகாம்-1, விகாம்-1 புரதங்களை அளந்து, அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப்-ஆல்ஃபாவை மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் அளவில் நேர் கன்ட்ரோலாக வையுங்கள். புரதம் ஏறினால் மட்டும் போதாது. கால்சீன் சாயம் ஏற்றிய டிஹெச்பி-1 என்னும் வெள்ளணு வகைச் செல்களை அடுக்கின் மேல் அரை மணி நேரம் விட்டு, மென்மையாகக் கழுவி, ஒட்டியவற்றை எண்ணினால், அந்த ஏற்றத்துக்கு உடலில் ஏதாவது பொருள் உண்டா என்பது தெரியும். ஆக்சிஜனேற்ற அழுத்தத்துக்கு எல்லோரும் டிசிஎஃப் சாயத்தைப் பயன்படுத்துகிறார்கள். குறிப்பிட்ட ஒரு மூலக்கூறை அது அளப்பதில்லை, ஒளியிலேயே தானாக ஆக்சிஜனேற்றம் அடையும். துணைச் சான்றாக மட்டும் கொள்ளுங்கள்.

அசையாத திரவத்தில் வளரும் எண்டோதீலியம், இரத்த ஓட்டத்தின் உராய்வில் வாழும் எண்டோதீலியத்தின் பாதி மட்டுமே. தமனிகளில் சதுர சென்டிமீட்டருக்கு 10 முதல் 20 டைன் வரையான உராய்வு விசை சாதாரணம். ஓட்ட அறை உங்களிடம் இருந்தால், செல்கள் ஓட்டத்தின் திசையில் நீண்டு வரிசைப்படும் வரை ஓடவிட்டு, பிறகு காட்மியத்தைச் சேர்த்து, முக்கியமான ஓர் அளவீட்டையாவது திரும்பச் செய்யுங்கள்.

வேறு வேதிப்பொருளுக்குப் போகும்போது

ஒவ்வொரு பொருளும் வேறு ஒரு கேள்வியைக் கேட்க வைக்கும். ஈயம் எண்டோதீலியத்தை எளிதில் கொல்வதில்லை. அடுக்கைக் கீறி விட்டால் அந்தக் கீறல் மூடுவதை அது தாமதப்படுத்துகிறது. உயிர்ப்பை மட்டும் பார்த்தால் ஈயம் தீங்கற்றது என்ற முடிவே வரும், ஆகவே கீறல் சோதனை அங்கே கட்டாயம். அக்ரோலீன் 53 டிகிரியில் கொதிப்பது. அதோடு சீரத்தின் புரதங்களோடு உடனடியாக வினைபுரிவது. திறந்த பிளேட்டில் ஊற்றினால் பக்கத்துக் குழிக்கும் ஆவி போகும், செல்லுக்குச் சேரும் அளவோ நீங்கள் எழுதி வைத்ததில் சிறு பகுதியாக இருக்கும். சீரமில்லாத ஊடகத்தில், குறுகிய நேரம், தனித்தனியே மூடிய கலன்களில் செய்யுங்கள். பாலிகுளோரினேற்ற பைஃபீனைல்கள் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்பவை. அவற்றைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓவை 0.1 விழுக்காட்டுக்கு மேல் போகவிடாதீர்கள், சோதனை முடிவில் ஊடகத்தில் எஞ்சியதை அளந்து கொள்ளுங்கள்.

வினைல் குளோரைடு கற்றுத்தரும் பாடம் இவற்றையெல்லாம்விடப் பெரிது. 1974இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லூயிவில் நகரின் பிவிசி ஆலைத் தொழிலாளர்களிடையே கல்லீரல் ஆஞ்சியோசார்கோமா, அதாவது கல்லீரலின் இரத்த நாளச் செல்களில் எழும் மிக அரிய புற்றுநோய், ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வந்திருப்பது வெளிப்பட்டது. அதன் பிறகே அங்கு பணியிடக் காற்றின் எல்லை 1 பிபிஎம் ஆகக் குறைக்கப்பட்டது. அந்த வாயுவை வெறும் ஹூவெக் மேல் செலுத்தினால் அந்த ஆபத்து வெளிப்பட்டிருக்காது. வினைல் குளோரைடு தானாகத் தீங்கு செய்வதைவிட, கல்லீரலின் ஹெபட்டோசைட் செல்களில் உள்ள நொதி அதை எபாக்சைடாக மாற்றிய பிறகு, அந்த எபாக்சைடு அருகிலுள்ள நாளச் செல்லின் டிஎன்ஏவைத் தாக்குகிறது. கல்லீரலில் உருமாறும் என்று தெரிந்த எந்தப் பொருளையும் கல்லீரல் நொதிச் சாற்றோடு சேர்த்தோ, ஹெபட்டோசைட்டுகளோடு சேர்த்து வளர்த்தோ சோதித்தாக வேண்டும். அதைச் செய்யாமல் "பாதிப்பு இல்லை" என்று எழுதுவது அந்தப் பொருளோடு வேலை செய்யும் மனிதர்களுக்கு இழைக்கும் அநீதி.

எண்ணுவதும் எழுதுவதும்

ஒரே கொடியிலிருந்து வந்த செல்களை ஆறு குழிகளில் வைத்தால், அது ஆறு சோதனை ஆகாது. ஒரு மனிதரின் செல்களில் ஆறு முறை அளந்ததாகவே கணக்கு. புள்ளியியலில் 'என்' (n) என்று எழுதும் எண் கொடையாளர்களின் எண்ணிக்கையாக இருக்க வேண்டும். குறைந்தது மூன்று, முடிந்தால் ஐந்து அல்லது ஆறு கொடைகள், ஆண் குழந்தை பெண் குழந்தை இரண்டும் கலந்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே வளர்த்துச் செய்யுங்கள். பல செறிவுகளை ஒரே கன்ட்ரோலோடு ஒப்பிடுவதற்கு டன்னெட் சோதனை பொருத்தமானது. கொடையாளருக்குக் கொடையாளர் மாறுபாடு பெரிதாக இருந்தால் அதைச் சராசரிக்குள் புதைக்காமல், ஒவ்வொரு கொடையையும் தனிப் புள்ளியாகப் படத்தில் காட்டுங்கள். ஒரே ஆலையில் ஒரே வேலையைச் செய்யும் இருவருக்குள் பாதிப்பு ஏன் வேறுபடுகிறது என்ற கேள்விக்கு அங்கிருந்துகூட வழி திறக்கலாம்.

காட்மியத்தை நீக்கிவிட்டுப் புதிய ஊடகத்தில் சில நாள் விட்டு, இடைவெளிகள் மூடுகின்றனவா, நைட்ரிக் ஆக்சைடு திரும்புகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஆலை மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்: இந்தத் தொழிலாளியை அந்தப் பிரிவிலிருந்து மாற்றினால் அவருடைய நாளங்கள் தேறுமா? கட்டுரை எழுதும்போது செறிவை மைக்ரோமோலாரிலும், லிட்டருக்கு மைக்ரோகிராமிலும், இரண்டிலும் கொடுங்கள். சீர விழுக்காடு, செல்லின் பெயர்ப்பு எண், அடுக்கு மூடியிருந்த நிலை, ஊடகத்தில் அளந்த அடிப்படைக் காட்மியம் ஆகியவற்றை முறைப் பகுதியில் ஒரே பத்தியில் சேர்த்து எழுதுங்கள். விளைவே தெரியாத குறைந்த செறிவுகளின் எண்களையும் அட்டவணையில் விடாமல் கொடுங்கள்; பணியிட எல்லைகளை வகுப்பவர்கள் தேடி எடுப்பது பெரும்பாலும் அந்த வரிகளைத்தான்.